தொட்டால் பேசாத சிலேட்டும், சொன்னபடி கேட்காத எழுத்தும்!

மிக்ஸி ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஸ்விட்சைப் பார்க்கிறோம். பிளக்கைப் பிடுங்கி வேறு பாயிண்டில் சொருகுகிறோம். ஜாரைக் கழற்றி மறுபடி மாட்டுகிறோம். அடியிலே இருக்கும் சின்னச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்க்கிறோம். அதற்கும் மசியாவிட்டால்தான் ரிப்பேர்க்காரருக்குச் சொல்லி அனுப்புவோம். பாதி நாள் அந்தச் சிவப்புப் பொத்தானிலேயே காரியம் முடிந்துவிடும்!

ஆனால் கம்ப்யூட்டர், டேப்லெட், பழைய செல்போன் என்று வந்துவிட்டால் மட்டும் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, பையன் வரட்டும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். பையன் வந்து, "பழசாயிடுச்சும்மா, தூக்கிப் போடு" என்கிறான். தூக்கிப் போட்டால் போவது கருவி மட்டும்தானா? உள்ளே நாம் எழுதி வைத்தது, சேர்த்து வைத்தது எல்லாமே அல்லவா போகிறது!

நான் தமிழ் டைப்ரைட்டிங் 'ஹையர்' தேறியவள். சென்னைப் புறநகரில், வீட்டிலிருந்தபடியே மாணவர்களின் ஆய்வேடு, சங்கத்து அறிக்கை, கல்யாணப் பத்திரிகை என்று டைப் செய்து கொடுக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவளில்லை. ஆனாலும் நாங்கள் வீட்டிலேயே காப்பாற்றிய ஒரு பழைய டேப்லெட்டின் கதையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அத்தையின் சிலேட்டு

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயசு. டேப்லெட்டை அவர் 'சிலேட்டு' என்றுதான் சொல்வார். மூன்று வருஷமாக, தினம் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதில் தன் சமையல் குறிப்புகளை எழுதி வந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கான பத்தியக் குழம்பிலிருந்து வடாம், ஊறுகாய், தீபாவளி மருந்து வரை மொத்தம் 86 குறிப்புகள். பேத்தியின் வளைகாப்பன்று எல்லாவற்றையும் புத்தகமாக்கி அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வளைகாப்புக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, "ஏம்மா, இது தொட்டா பேச மாட்டேங்குதே!" என்று சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் தெரிகிறது, மணி காட்டுகிறது. விரல் வைத்தால் மட்டும் அசையவில்லை. குறிப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது.

கடைத்தெருவில் ஒருவரிடம் காட்டினோம். "ரொம்பப் பழசும்மா. ஸ்கிரீன் மாத்தினா உள்ளே இருக்கறதெல்லாம் போயிடும். பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சிலேட்டைப் பூஜை அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடும் அரைகுறைதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெரிந்து கொள்ளுங்கள். தொடுதிரை வேறு, எழுதியதைச் சேமிக்கும் இடம் வேறு. நாம் எழுதியது உள்ளே பலகையில் இருக்கும் ஒரு 'சிப்'பில் இருக்கிறது. அலமாரியின் கண்ணாடிக் கதவு உடைந்தால் உள்ளே இருக்கும் புடவைகளா போய்விடும்? கதவை மாற்றினால் போயிற்று. திரையை மாற்றுவதால் மட்டும் உள்ளே இருப்பது அழியாது.

விரலை எப்படி அது கண்டுகொள்கிறது?

விரலால் தொடும் திரையைப் பற்றி 1965-லேயே இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற ஊரிலிருந்த ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் இ.ஏ. ஜான்சன் என்பவர் எழுதிவிட்டார். வீட்டுக்கு வீடு அது வந்து சேர்ந்தது 2007-ல் ஐபோன் வந்த பிறகுதான்.

கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. இண்டியம் டின் ஆக்ஸைடு என்று பெயர். அதில் மின்சாரம் லேசாக நிற்கும். நம் உடம்பும் மின்சாரத்தைக் கடத்தக் கூடியதுதானே? விரல் வைத்த இடத்தில் அந்த மின்சாரம் துளி மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துத்தான் 'இங்கே தொட்டார்கள்' என்று கருவி புரிந்து கொள்கிறது. அழுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இது தெரிந்துவிட்டால் பல மர்மங்கள் தானாக விலகிவிடும். ஈரக் கையால் தொட்டால் தாறுமாறாக ஓடுவது ஏன்? தண்ணீர்த் துளியையும் அது விரல் என்று நினைக்கிறது. கோதுமை மாவு அப்பிய விரலுக்குச் சரியாக அசையாதது ஏன்? மாவு நடுவே தடுக்கிறது. வயசானவர்களின் வறண்ட விரலுக்குச் சில சமயம் பதில் சொல்லாததும் இதனால்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு லேசாகக் கிரீம் தடவிக் கொண்டால் வித்தியாசம் தெரியும்.

காசில்லாத சோதனைகள்

கடைக்குப் போகுமுன் வரிசையாக இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் டேப்லெட்டை வழவழப்பான மேஜையில் படுக்க வையுங்கள். ஆடாமல் படிந்து உட்கார வேண்டும். முதுகு உப்பி, பம்பரம் மாதிரி சுற்றினால் பாட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீக்கம் இல்லையென்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாகத் துள்ளுகிறதா? மட்டமான சார்ஜரின் வேலையாக இருக்கலாம். வேறு நல்ல சார்ஜர் போட்டாலே சரியாகிவிடும்.

அடுத்து, அணைத்துவிட்டு, மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். சோப்புத் தண்ணீர், கொலோன், வினிகர் எதுவும் வேண்டாம். திரைக்கு மேல் ஒட்டிய கண்ணாடி கார்டு ஓரம் பெயர்ந்து, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இறங்கியிருந்தால் அதை உரித்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு அணைத்து, ஐந்து நிமிஷம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். நம்ப மாட்டீர்கள், பல கோளாறுகள் இதிலேயே தீரும்.

திரையில் கொஞ்சம் இடம் மட்டும் செத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. ஏதாவது ஒரு சின்னப் படத்தை அழுத்திப் பிடித்து, கோலமாவு இழுப்பது மாதிரி திரை முழுக்க இழுத்துக் கொண்டே வாருங்கள். எங்கே கையை விட்டு நழுவுகிறதோ அங்கேதான் பழுது. ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் செத்திருந்தால், திரையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் போதும். முக்கியமான பொத்தான்கள் நல்ல பக்கத்துக்கு வந்துவிடும்.

வயசானவர்களுக்காக இன்னொன்று. ஆண்ட்ராய்டு 'செட்டிங்ஸி'ல் 'ஆக்ஸெஸிபிலிட்டி' என்று ஒரு பகுதி இருக்கும். எழுத்தைப் பெரிசாக்குவது அங்கே அல்லது 'டிஸ்பிளே' பகுதியில் இருக்கும். எவ்வளவு நேரம் அழுத்தினால் 'அழுத்திப் பிடித்ததாக' எடுத்துக் கொள்ள வேண்டும் என்பதையும் அங்கே கூட்டி வைக்கலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய உபகாரம். பல பாட்டிகள் 'எனக்கு வராது' என்று ஒதுக்கி வைத்த கருவி, உண்மையில் இருபது வயசுக் கைக்காகத் திருகி வைக்கப்பட்டது. அவ்வளவுதான் விஷயம்.

எலி போட்ட கோலம்

எங்கள் சிலேட்டு இத்தனை சோதனைக்கும் அசையவில்லை. திரை முழுக்கச் செத்திருந்தது. பூட்டைத் திறக்கவே வழியில்லை. அத்தையின் பூட்டு ஒன்பது புள்ளிகளை இணைக்கும் பூட்டு. விரல் இல்லாமல் புள்ளியை எப்படி இணைப்பது?

அப்போதுதான் கம்ப்யூட்டர் மவுஸின் ஞாபகம் வந்தது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.1-லிருந்தே டேப்லெட்டில் மவுஸை இணைக்க வழி உண்டு. நடுவில் 'ஓ.டி.ஜி.' என்ற சின்ன இணைப்பான் மட்டும் வேண்டும். ஒரு முனை டேப்லெட்டின் சார்ஜ் துவாரத்தில் போகும், மறுமுனையில் மவுஸ். உங்கள் கருவியின் துவாரம் எந்த வகையோ அதற்கேற்றதாகக் கேட்டு வாங்குங்கள். ஐபேடுக்கும் 2019-ல் வந்த பதிப்பிலிருந்து மவுஸ் வசதி வந்துவிட்டது. மலிவான சில டேப்லெட்டுகளில் இந்த வசதி இருப்பதில்லை. ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. துவாரத்தில் மவுஸ் இருக்கும்போது பெரும்பாலும் சார்ஜ் ஏறாது. அதனால் முதலிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

மவுஸைச் சொருகியதும் திரையில் அம்புக்குறி முளைத்தது. அத்தையிடம் மவுஸைக் கொடுத்தேன். கை நடுங்க, ஒன்பது புள்ளியையும் பார்த்துக் கொண்டே கோட்டை இழுத்தார். இரண்டு தரம் தப்பியது. மூன்றாவது தரம் திறந்து கொண்டது!

"பாத்தியா, எலி கோலம் போடுது!" என்று அவர் சிரித்த சிரிப்பை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே 86 குறிப்புகளையும் ஒவ்வொன்றாக என் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டோம். திரையில் தெரியும் எழுத்துப் பலகையையும் மவுஸாலேயே தட்டலாம்.

குறிப்புகள் பத்திரமான பிறகு, அவசரமில்லாமல் வேறொரு ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனோம். கண்ணெதிரே திறந்து காட்டினார். திரையிலிருந்து வரும் பட்டையான ஒயர் பலகையில் சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. "அடுப்புப் பக்கத்திலே வச்சிருந்தீங்களா அக்கா? ஆவி உள்ளே இறங்கியிருக்கு" என்றார். பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கிற களிம்பு மாதிரிதான்! அதற்கென்று இருக்கும் ஆல்கஹாலால் துடைத்து, ஒயரைத் திரும்ப அழுத்திப் பொருத்தினார். சிலேட்டு பேசியது. கூலி மட்டும்தான் செலவு. புதுத் திரை தேவைப்படவில்லை.

இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. வீங்கிய லித்தியம் பாட்டரி விளையாட்டுப் பொருள் அல்ல. அதைச் சார்ஜில் போடக்கூடாது. உப்பலை அமுக்கக்கூடாது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது என்பது தீயை விலைக்கு வாங்குவது. அணைத்து, துணி, காகிதம், திரைச்சீலை இல்லாத இடத்தில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கே உண்டு என்று 2022-ல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது.

தண்ணீரில் விழுந்த போனை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கமும் வேண்டாம். அரிசியின் தூளும் துணுக்கும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று 2024-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அணைத்துவிட்டு, துவாரம் கீழே பார்க்கும்படி காற்றாட வைத்தாலே போதும். அரிசி சோற்றுக்கு இருக்கட்டும்!

பழைய கருவியில் பாங்க் கணக்கு பார்க்காதீர்கள். பாதுகாப்புக்கான புதுப்பிப்புகள் நின்றுபோன கருவி, தாழ்ப்பாள் இல்லாத கதவு. படிக்க, பாட்டுக் கேட்க, குறிப்பு எழுத மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

இனி எழுத்தின் முறை

குறிப்புகளை என் கம்ப்யூட்டரில் எழுத்து மென்பொருளுக்குள் கொண்டுவந்து ஒட்டினேன். ஒவ்வொரு தமிழ் வார்த்தைக்கும் கீழே சிவப்புப் புழு! எழுத்து ஓரிடத்தில் சின்னது, ஓரிடத்தில் பெரிசு. பக்கமோ இஷ்டத்துக்கு உடைகிறது. இதெல்லாம் பழுதே அல்ல. மென்பொருள் வேறு தேசத்துக்காரருக்காக அமைந்து வருகிறது. நமக்கேற்றபடி நாம்தான் திருகிக் கொள்ள வேண்டும். டைப்பிங் செய்யும் சகோதரிகளுக்காக, வேர்டிலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸிலும் நான் முதலில் மாற்றுகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

சிவப்புக் கோடு: ஆங்கில அகராதியை வைத்துக் கொண்டு தமிழைத் திருத்தப் பார்ப்பதால் வருவது. வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'ரிவ்யூ' பகுதியில் 'லாங்குவேஜ்' போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அல்லது 'எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் ஷிப்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் கோடுகள் மறையும்.

எழுத்தளவு: எண்ணும் ஆங்கிலமும் ஒரு கணக்கு, தமிழ் இன்னொரு கணக்கு. தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாக வைத்திருப்பார்கள். எழுத்துரு அமைப்புப் பெட்டியில் இரண்டு இடத்திலும் அளவைக் கொடுத்தால் ஏற்ற இறக்கம் போய்விடும். லிப்ரே ஆஃபீஸில் முதலில் மொழி அமைப்புக்குள் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதில் டிக் இருக்க வேண்டும்.

பக்க அளவு: பல கம்ப்யூட்டர்களில் அமெரிக்கர்களின் 'லெட்டர்' காகிதம்தான் அமைந்திருக்கும். அதன் உயரம் 27.94 செ.மீ. நம் ஊர் ஏ4 காகிதமோ 29.7 செ.மீ. இதைப் பார்க்காமல் எழுதிவிட்டுக் கடைசியில் ஏ4-க்கு மாற்றினால் பக்கமெல்லாம் இடம் மாறும். முதல் எழுத்து அடிக்குமுன் பார்க்க வேண்டியது இது.

பின்னங்கள்: சமையல் குறிப்பு எழுதுபவர்கள் கவனியுங்கள். 1/2, 1/4, 3/4 என்று அடித்தால் வேர்ட் தானாகச் சின்னப் பின்னமாக மாற்றிவிடும். 1/3-ஐ மட்டும் அப்படியே விட்டுவிடும். ஒரே குறிப்பில் இரண்டு விதம்! 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸி'ல் இந்த மாற்றத்தை நிறுத்திவிட்டால் எல்லாம் ஒரே சீராக வரும். '1.' என்று அடித்ததும் தானே பட்டியல் போடுவதையும் அங்கேயே நிறுத்தலாம்.

வரி உடைப்பு: '2' ஒரு வரியின் கடைசியிலும், 'டீஸ்பூன்' அடுத்த வரியிலும் போய் நின்றால் படிப்பவர் தடுமாறுவார். இரண்டுக்கும் நடுவே கண்ட்ரோல், ஷிப்ட், இடைவெளிக் கட்டை மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் அவை பிரியவே பிரியாது.

பொருளடக்கம்: ஒவ்வொரு குறிப்பின் பெயருக்கும் 'ஹெட்டிங்' என்ற ஸ்டைலைக் கொடுத்துவிடுங்கள். பக்க எண்ணோடு பொருளடக்கத்தை அதுவே தயாரித்துவிடும். எனக்கு 86 பெயரைக் கையால் எழுதும் வேலை மிச்சம்.

சேமிப்பு: மின்சாரம் போனால் மீட்டுக் கொடுக்கும் வசதி வேர்டில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். நான் மூன்று நிமிஷமாகக் குறைத்து வைத்திருக்கிறேன். அதோடு, முடித்ததைப் 'பி.டி.எஃப்.' ஆக்கி எடுத்துப் போங்கள். கடைக்காரர் கம்ப்யூட்டரில் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் அச்சு மாறாது.

கண்ணையும் கவனியுங்கள்

எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று கழுத்தை நீட்டி உட்காராதீர்கள். கண்ட்ரோலை அழுத்திக் கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் திரையில் மட்டும் எழுத்து பெரிதாகும், அச்சில் மாறாது. திரை கைநீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 வினாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் பாக்கியசாலி நீங்கள்! திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்து போகும். நினைவாகச் சிமிட்டுங்கள்.

அத்தையின் புத்தகத்தை 16 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி விட்டு அமைத்தேன். கண்ணாடி இல்லாமலே அவரும் படிக்க வேண்டுமே! ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வளைகாப்புக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று மின்னஞ்சலில் என்று மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய போனோ டேப்லெட்டோ தூங்கிக் கொண்டிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். முதலில் மேஜையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடாவிட்டால் சார்ஜ் ஏற்றுங்கள், துடையுங்கள், மவுஸைச் சொருகுங்கள். உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துக் கொள்ளுங்கள், ரிப்பேரெல்லாம் அப்புறம். கடையில் கொடுப்பதானால் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். வாங்கிய பொருளைப் பழுது பார்த்துக் கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியிருக்கிறது. ஆகவே 'என்ன கோளாறு, எந்தப் பாகம், என்ன விலை?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். காய்கறிக்காரரிடம் கேட்கிற தைரியத்தில் பாதி இருந்தால் போதும்!